அக்டோபர் முடிஞ்சதும் வீட்டுல ஜெபமாலை நின்னுடுது, வருஷம் பூரா சொல்றவங்க எப்படி சொல்றீங்க?

முத்துநகர்_பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சிட்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊரு தூத்துக்குடி, இப்ப சென்னையில பெரம்பூர் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்ல இருக்கோம். வீட்டுக்காரர் ஐடி, பாதி நாள் ராத்திரி ஒம்பதுக்குத்தான் ஆபீஸ் போன் கால் முடியும். பெரியவன் எட்டாவது, சின்னவ மூணாவது, கூட மாமியார் இருக்காங்க.

அக்டோபர் வந்தா ஒரு பிரச்சினையும் இல்ல, அன்பியத்துல (பங்குல பக்கத்துப் பக்கத்து வீடுங்க சேந்த ஜெபக் குழு) மாதா சுரூபத்த வீடு வீடா கொண்டு வருவாங்க, இன்னைக்கு அவங்க வீடு நாளைக்கு நம்ம வீடுன்னு ஒரு ஓட்டத்துல மாசம் பூரா 53 மணியும் (முன்னாடி மூணு, அப்புறம் பத்துப் பத்தா அஞ்சு பத்து, மணிக்கு ஒரு மரியே வாழ்க) நடந்துடும், பிள்ளைங்களும் கடைசில குடுக்குற சுண்டலுக்காகவாவது வந்துடும். நவம்பர் ஆனா ரெண்டு நாள் சொல்லுவோம், மூணாம் நாள் டியூஷன், அதுக்கடுத்த நாள் யாராவது விருந்தாளி, அவ்வளவுதான். அப்புறம் மே மாசம் மாதா வணக்க மாசம்னு ஃபாதர் பிரசங்கத்துல சொல்லும்போதுதான் ஞாபகமே வரும்.

உக்காந்தாலும் அது ஜெபமா இருக்கான்னு எனக்கே சந்தேகம். "அருள் மிகப் பெற்ற மரியே வாழ்க, டேய் கால நீட்டாத, ஆண்டவர் உம்முடனே, ஏய் அந்த மணிய வாயில வைக்காத, பெண்களுக்குள் ஆசி பெற்றவர் நீரே" இப்படித்தான் போகுது. சின்னவ ஒவ்வொரு பத்து முடியும்போதும் இன்னும் எத்தனை இருக்குன்னு கேக்குறா. பெரியவன் சுவத்துல சாஞ்சு தூங்குறான். நாலாவது தேவ இரகசியத்துல (ஒவ்வொரு பத்துலயும் தியானிக்கிற இயேசு, மாதா வாழ்க்கைச் சம்பவம்) வீட்டுக்காரர் ரூம்ல இருந்து ஹெட்செட்டோட வந்து நிப்பார். அஞ்சு பத்து முடிஞ்சாலும் மாமியார் விடமாட்டாங்க, மாதா மன்றாட்டு மாலை, கிருபை தயாபத்து, மிக்கேல் சம்மனசு ஜெபம், அந்தோனியார் ஜெபம், உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு ஒண்ணு, கடைசில பாட்டு. முக்கால் மணி நேரம். அதுக்கப்புறம் சாப்பாடு.

விட்டுடவும் மனசில்ல, இழுத்துப் பிடிக்கவும் முடியல. தினமும் சொல்றவங்க உண்மையிலேயே எப்படி சொல்றீங்கன்னு சொல்லுங்க. "விசுவாசம் இருந்தா நேரம் கிடைக்கும்"னு மட்டும் யாரும் எழுதாதீங்க, அத நிறைய கேட்டாச்சு.

---

குமரிக்கடல்:

அக்கா, உங்க வீட்டுல பிரச்சினை ஜெபமாலை இல்ல, அதோட வால். 53 மணிய அவசரப்படாம சொன்னாலே இருபது நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். மிச்சம் இருபத்தஞ்சு நிமிஷம் வால்தான். எங்க வீட்டுலயும் அப்படித்தான் இருந்துது, ஒவ்வொரு நோவேனாவுக்குப் போயிட்டு வரும்போதும் அம்மா ஒரு புது ஜெப அட்டைய கொண்டு வந்து சேத்துக்கிட்டே போவாங்க, ஒண்ணையும் எடுக்க மாட்டாங்க. கடைசில நாங்க பேசி, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் வெறும் ஜெபமாலை மட்டும், சனிக்கிழமை மாதா நாள்ங்கறதால மன்றாட்டு மாலை பாட்டு எல்லாம் சேத்து முழுசா சொல்றதுன்னு வச்சிக்கிட்டோம்.

அடுத்தது நேரம். ஏழரை மணின்னு கடிகாரத்த வச்சு முடிவு பண்ணாதீங்க. ஊர்ல கோயில் மணி அடிச்சதும் எல்லா வீட்லயும் ஒரே நேரத்துல சத்தம் கேக்கும், ஒரு வீட்ட தாண்டி அடுத்த வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு மரியே வாழ்க முடிஞ்சிருக்கும், அங்க மணி நமக்காக வேலை பாத்துது. அபார்ட்மெண்ட்ல யாரு அடிக்கிறா? அதனால ஏற்கனவே தினமும் நடக்குற ஒண்ணோட கட்டிப் போடுங்க. எங்க வீட்டுல ராத்திரி சோத்துக்கு முன்னாடி. சோறு ஏழுக்கு ஆனாலும் ஒம்பதுக்கு ஆனாலும் அதுக்கு முன்னாடி ஜெபமாலை. சோறு தினமும் உண்டுல்ல, அப்ப இதுவும் உண்டு. சாப்பிட்ட பிறகுன்னு மட்டும் வைக்காதீங்க, எல்லாரும் தூங்கி விழுவாங்க.

இன்னொண்ணு, எல்லாரும் வரட்டும்னு காத்திருக்காதீங்க. யாராவது ஒருத்தர் மெழுகுதிரிய ஏத்தி சிலுவை போட்டு ஆரம்பிச்சிடணும். வர்றவங்க வர்ற பத்துல சேந்துக்கட்டும். வீட்டுக்காரர் நாலாவதுல வந்தா அந்த நாலாவத அவரே சொல்லட்டும்.

---

சவேரியார்_தாசன்:

நான் வயதானவன், ஏதாவது சொன்னால் கோபிக்க வேண்டாம். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் குறை, சுருக்கு என்கிறீர்கள். எங்கள் காலத்தில் முழந்தாளில் நின்றுதான் 53 மணியும், தபசு காலத்து (தவக்காலத்து) வெள்ளிக்கிழமைகளில் பதினைந்து பத்தாக 153 மணியும். அப்பா கடலுக்குப் போய் வந்த உடம்போடு முழந்தாளில் நிற்பார், நாங்கள் முணுமுணுக்க முடியுமா.

குமரிக்கடல் தம்பி வால் என்று சொல்லும் அந்த மன்றாட்டு மாலை சும்மா வந்ததல்ல. பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) பாப்பானவர் 1883ல் அக்டோபர் மாதத்தை ஜெபமாலைக்கு ஒதுக்கினபோதே ஐந்து பத்தும் லொரேத்து மாதா பிரார்த்தனையும், அதாவது இந்த மன்றாட்டு மாலையும், சேர்த்துச் சொல்லத்தான் கட்டளையிட்டார். ஜெபமாலையைப் பற்றி மட்டும் பத்துக்கும் மேல் சுற்றுமடல் எழுதினவர் அவர். 1571 அக்டோபர் 7ல் லெபாந்தோ கடற்போரில் கிறிஸ்தவப் படை துருக்கியரை ஜெயித்ததும் ஐந்தாம் பத்திநாதர் (பயஸ்) பாப்பானவர் மாதாவுக்கு நன்றியாகத் திருநாள் ஏற்படுத்தினதும் ஜெபமாலையால்தான். இப்போது சிலர் சொல்வதுபோல் "ஒரு பத்து போதும்" என்று சொல்லியா ஜெயித்தார்கள்?

இப்போது சிலர் செய்வதுபோல் செல்போனில் ஜெபமாலை ஆடியோவைப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்குவதை நான் ஜெபமாலை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அவ்வளவுதான்.

---

மறைக்கல்வி_டீச்சர்:

தாத்தா, வணக்கம், நீங்க சொன்ன 1883 விஷயம் சரிதான், ஆனா அது கோயில்கள்ல அக்டோபர்ல பொதுவா சொல்றதுக்குக் குடுத்த ஏற்பாடு, ஒவ்வொரு வீட்டுலயும் மூணாவது படிக்கிற புள்ளைக்கும் தினமும் போட்ட சட்டம் இல்ல. அந்த மடல்லயே ஒரு விஷயம் கவனிச்சீங்களா, அவர் அக்டோபர் 31ஓட நிறுத்தல, நவம்பர் 2 வரைக்கும்னு சொன்னார். கல்லறைத் திருநாள் வரைக்கும்.

கேள்வி கேட்ட தங்கைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். அக்டோபர் முடிஞ்சா நிக்கிறதுக்குக் காரணம், அக்டோபருக்கு ஒரு காரணம் இருக்கு, மத்த மாசத்துக்கு நம்ம கையில காரணம் இல்ல. நவம்பர் உத்தரிக்கிற ஆன்மாக்கள் மாசம். ஒவ்வொரு பத்துக்கும் வீட்டுல செத்துப்போன ஒருத்தர் பேர சொல்லுங்க, தாத்தா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அண்ணாச்சி. பிள்ளைங்களுக்குப் பேர் தெரியாது, "அது யாரு"ன்னு கேக்கும், ரெண்டு நிமிஷம் அவரைப் பத்தி ஒரு கதை சொல்லிட்டு பத்த ஆரம்பிங்க. நவம்பர் முழுக்க ஓடும். அப்புறம் திருவருகைக் காலம், குடில் கட்டுற வேலை இருக்கும், மகிழ்ச்சி மறையுண்மைகளே (தேவ இரகசியத்துக்குத்தான் இப்ப மறையுண்மைன்னு பேரு) கண்ணு முன்னாடி நிக்கும். தவக்காலத்துல துயர மறையுண்மைகள், சிலுவைப் பாதையோட சேந்து போகும். பாஸ்காவுக்கு (ஈஸ்டர்) அப்புறம் மகிமை, அதுக்குள்ள மே மாசம். நாள் வாரியா ஒரு முறை இருக்கு தெரியும்ல, திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. அந்த ஒளியின் மறையுண்மைகள் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 2002 அக்டோபர் 16ல ஒரு மடல் எழுதி சேத்தது, பழைய ஆட்கள் வீட்டுல இன்னும் வியாழக்கிழமையும் மகிழ்ச்சிதான் ஓடுது, ஓடட்டும், அதுக்காக மாமியார்கிட்ட சண்ட போடாதீங்க. அதே மாதிரி பாட்டி பழைய ஜெபம் சொல்லுவாங்க புள்ளைங்க புதுசு சொல்லும், நடுவுல ரெண்டும் மோதும், அதையும் விட்டுடுங்க.

பரிபூரண பலனப் (பாவத்துக்கான தண்டனைய முழுசா நீக்குறது) பத்தி யாராவது கேப்பாங்கன்னு சொல்லிடுறேன், குடும்பமா சேந்து ஜெபமாலை சொன்னா அதுக்குத் திருச்சபை பரிபூரண பலன் குடுக்குது, ஆனா அஞ்சு பத்தும் விடாம தொடர்ச்சியா வாய்விட்டு சொல்லணும், மறையுண்மைய தியானிக்கணும், அதோட பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்காக ஜெபம் இதெல்லாம் இருக்கு. அதனால வாரத்துல ஒரு நாளாவது முழுசா வைங்க. மத்த நாள் ஒரு பத்து சொன்னா அது ஜெபம் இல்லாம போயிடாது.

ஒரு பத்து எப்படி சொல்றதுங்கறது முக்கியம். பேர மட்டும் சொல்லிட்டு ஓடாம, அந்த மறையுண்மைக்கான நற்செய்தி வரிய வாசிச்சிட்டு கொஞ்சம் சும்மா இருங்க. இரண்டாம் ஜான் பாலே அந்த 2002 மடல்ல இப்படிச் செய்யச் சொல்றார், வாசகம், அப்புறம் மௌனம், அப்புறம்தான் பரலோக மந்திரம். சின்னப் புள்ளைங்களுக்கு வியாழக்கிழமை வர்ற கானாவூர் கல்யாணம், இயேசு தண்ணிய திராட்ச ரசமாக்குனது, ரொம்பப் பிடிக்கும், ரசம் தீந்து போச்சுன்னா நம்ம வீட்டு ரசமான்னு என் வகுப்புல ஒருத்தன் கேட்டான்.

---

பாளை_மாப்பிள்ளை:

நான் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்) குடும்பம், வீட்டுக்காரி ஆர்.சி. (கத்தோலிக்கம்). அதனால இந்தப் பேச்சுல நான் வரலாமான்னு யோசிச்சேன். எங்க வீட்டுல சின்ன வயசுல இருந்து ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு, ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், அப்பா ஒரு ஜெபம், எல்லாம் சேத்து கால் மணி நேரம், ஒரு நாள் தப்பாது. கல்யாணம் ஆன புதுசுல ஜெபமாலைய பாத்தா எனக்கு ஒத்துக்கல, "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்"னு மத்தேயு ஆறாம் அதிகாரத்த எடுத்து வச்சிக்கிட்டு பேசுவேன். அவ ஒண்ணும் வாதம் பண்ணல, லூக்கா முதல் அதிகாரத்த வாசிக்கச் சொன்னா. தேவதூதன் சொன்னது 28ம் வசனம், எலிசபெத் சொன்னது 42ம் வசனம், ரெண்டும் சேந்ததுதான் அந்த ஜெபத்தோட முதல் பாதி. மகிழ்ச்சி அஞ்சும் லூக்கா முதல் ரெண்டு அதிகாரத்துலயே இருக்கு, கோயில்ல பன்னிரண்டு வயசுல காணாம போய் கிடைக்கிறது வரைக்கும்.

இப்ப எங்க ஏற்பாடு என்னன்னா, வேத வாசிப்பு என் வேலை. ஒவ்வொரு பத்துக்கும் முன்னாடி அந்த பகுதிய நான் வாசிப்பேன், பத்த அவளும் மகளும் சொல்லுவாங்க. நான் மணி உருட்ட மாட்டேன், ஆனா எந்திரிச்சும் போக மாட்டேன். மகிமைல கடைசி ரெண்டு, மாதா பரலோகத்துக்கு எடுக்கப்பட்டதும் முடிசூட்டப்பட்டதும், அதுக்கு வாசிக்க எனக்கு நேரடி வசனம் இல்ல, அங்க நான் மௌனமா இருப்பேன், அவளும் கேக்க மாட்டா. முடிவுல நானும் ஒரு கீர்த்தனை பாடுவேன். ரெண்டு பக்கத்து சொந்தக்காரங்களுக்கும் இதுல திருப்தி இல்ல, எங்க மூணு பேருக்கும் இருக்கு.

உங்க வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை குடுங்க சகோதரி. வேலை இல்லாம உக்காந்திருக்கிற ஆம்பளதான் ஹெட்செட்ட தேடுவான்.

---

குருநகர்_மகன்:

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோவில இருக்கிறன். எங்கட குடும்பம் நாலு இடத்தில சிதறிக் கிடக்கு, அம்மா ஊரில, அக்கா பாரிசில, தம்பி லண்டனில. ஊரில இருக்கேக்க பின்னேரம் செபமாலை சொல்லாம ஒருத்தரும் சாப்பிட்டதில்லை. இஞ்ச வந்த பிறகு எல்லாம் விட்டுப்போச்சு. வீடியோ கோலில எல்லாரும் சேர்ந்து சொல்லிப் பாத்தம், சரிவரேல்ல, இஞ்ச இரவு எண்டா அங்க விடிஞ்சிடும், அதோட சத்தம் பிந்திப் பிந்தி வரும், ஒருத்தர் மரியே வாழ்க எண்டேக்க மற்றவர் ஆமென் எண்டுவார்.

பிறகு பங்கில ஒரு சிஸ்டர் சொல்லித் தந்தா, உயிருள்ள செபமாலை எண்டு ஒரு முறை இருக்கு. பிரான்சில லியோன் நகரத்தில போலின் ஜாரிக்கோ எண்ட ஒரு பொம்பிளை 1826ல தொடங்கினது. பதினைஞ்சு பேர் சேருறது, ஆளுக்கொரு தேவ இரகசியம், ஒவ்வொருத்தரும் தன்ர நேரத்தில தன்ர ஒரு பத்தை மட்டும் சொன்னால் காணும், எல்லாம் சேர்ந்து அண்டைக்கு முழுச் செபமாலை ஆகிடும். மாசம் ஒருக்கா ஆளுக்காள் இரகசியத்தை மாத்திறது. அவவை 2022 மே மாசம் லியோனிலயே அருளாளராக்கினவை, புனிதராக்கிறதுக்கு முந்தின படி அது. துணிக்குச் சாயம் போடுற, நெய்யிற தொழிலாளர் மாதிரி நேரமில்லாத சனமும் சேரக்கூடின மாதிரி யோசிச்சிருக்கிறா எண்டதுதான் எனக்குப் பிடிச்சது.

நாங்கள் அம்மாவோட சேர்த்து அஞ்சு பேர், ஆளுக்கு ஒரு பத்து. சொல்லி முடிச்ச உடன குடும்ப வாட்ஸப்பில ஒரு மெழுகுதிரி படம் போடுறது, வேற ஒண்டும் எழுதுறேல்ல. ஆரின்ர மெழுகுதிரி வரேல்லயோ அவருக்கு அம்மா கோல் எடுப்பா. 2008ல சண்டைக்குள்ள மன்னார்ப் பக்கம் இருக்கிற மடு மாதாவின்ர சுரூபத்தையே கோயிலில இருந்து எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட காலத்தை கண்ட சனம் நாங்கள், இருந்த இடத்தில இருந்து சொல்லுறது எங்களுக்குப் புதுசில்லை.

தாத்தா கோவிக்கக் கூடாது, நான் என்ர பத்தை வேலைக்கு போற பஸ்ஸில நிண்டுகொண்டுதான் சொல்லுறனான்.

---

ஹாஸ்டல்_சாப்பாடு:

நான் அந்த எட்டாவது பையன்தான், சில வருஷம் கழிச்சு. சுவத்துல சாஞ்சு தூங்குனவன், "எத்தனை பத்து இருக்கு"ன்னு கேட்டவன் எல்லாம் நானே. அம்மாக்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஜெபமாலை நேரத்துல மார்க் விஷயம் எடுக்காதீங்க. எங்க வீட்டுல அஞ்சாவது பத்து எப்பவும் "எங்க மகன் நல்லா படிக்கவும் செல்போன் பழக்கத்த விடவும்"னு சத்தமா கருத்து வச்சு ஒப்புக்கொடுப்பாங்க, அது ஜெபமா இல்ல நம்மள மாதாகிட்ட போட்டுக் குடுக்குறதான்னே தெரியாது. கருத்த அவன் சொல்லட்டும். அவன் "எங்க டீம் ஜெயிக்கணும்"னு சொன்னா சிரிக்காம அதுக்கும் ஒரு பத்து சொல்லுங்க.

முன்னின்று சொல்றத அவன்கிட்ட குடுங்க. முதல் பாதி சொல்றவனுக்குத் தூக்கம் வராது, தூய மரியேங்கற ரெண்டாம் பாதி மட்டும் சொல்றவனுக்குத்தான் வரும். வேகமா சொல்லுவான், சொல்லட்டும், ஒரு மாசத்துல தானா நிதானமாகும். அந்த ஹார்டுவேர் கடை கம்பி மாதிரி இருக்குற பெரிய மாலைய அவன் கையில குடுக்காதீங்க, நூல்ல முடிச்சு போட்ட சின்ன மாலை கிடைக்குது, பாக்கெட்ல போட்டாலும் சிக்கு விழாது, அறுந்தும் போகாது. விரல்ல போடுற பத்து மணி மோதிரமும் இருக்கு, ஆனா அத அவன் ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போக மாட்டான், எதிர்பாக்காதீங்க.

---

சவேரியார்_தாசன்:

ரொறன்ரோ தம்பி, பஸ்ஸில் சொல்வதை நான் எதிர்க்கவில்லை. மணியைத் தொட்டுச் சொல்கிறீர் அல்லவா, அதுவே போதும். வெங்காயம் விஷயத்தில் மட்டும் என் கருத்தில் மாற்றமில்லை.

---

முத்துநகர்_பொண்ணு:

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனக்கல, நன்றி. நேத்தே ஆரம்பிச்சாச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடி, ஒரே ஒரு பத்து, முன்னாடி நற்செய்தி. வீட்டுக்காரர்கிட்ட வாசிக்கச் சொன்னேன், பைபிள் எங்க இருக்குன்னு தேடுறதுக்கே அஞ்சு நிமிஷம் ஆச்சு, ஆனா வாசிச்சார். பெரியவன் முன்னின்று சொன்னான், எக்ஸ்பிரஸ் வேகம். சின்னவ எண்ணிக்க தப்பி பதினொண்ணு சொல்லிட்டா, யாரும் திருத்தல. வெள்ளிக்கிழமை மட்டும் முழுசா 53ன்னு வச்சிருக்கோம்.

இப்ப ஒரே கேள்விதான் பாக்கி. மன்றாட்டு மாலையும் அந்தோனியார் ஜெபமும் இனிமே சனிக்கிழமை மட்டும்தான்னு என் மாமியார்கிட்ட யார் சொல்றது?

---

குமரிக்கடல்:

நீங்க சொல்லாதீங்க அக்கா, அவங்க மகன், உங்க வீட்டுக்காரரையே விட்டு சொல்லச் சொல்லுங்க. அப்படியும் கேக்கலன்னா சாப்பாட்டுக்கு அப்புறம் அத்தை அவங்க ரூம்ல உக்காந்து மிச்சத்த நிதானமா சொல்லட்டும், சின்னவள கூட அனுப்பி வைங்க, முடிஞ்சதும் நெத்தியில சிலுவை போட்டு அனுப்புவாங்க. எங்க அம்மாவுக்கு இதுதான் ஒத்துவந்துது.